சுடாமல் விடுபவனே வேடன்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு சாராருக்கு நாவில் நீர் ஊறும். மற்றொரு சாராருக்கு நெஞ்சு பதறும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்விரு சாராரும் புதியவர்கள் அல்லர். ஒரே லயத்தில், ஒரு வீட்டில் காட்டுப்பன்றிக் கறி மிளகு போட்டு வதங்கிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் முட்டைகூட வாசற்படி ஏறாது. "உயிரைக் கொல்வது பாவம்" என்பார் ஒருவர். "பன்றியை விட்டுவைத்தால் மரவள்ளித் தோட்டத்தில் ஒரு கிழங்கு மிஞ்சுமா?" என்று திருப்பிக் கேட்பார் மற்றவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. வேட்டை எது, வெறும் கொலை எது, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகளும், நம் நாட்டுக் காட்டிலேயே பிறந்து வாழும் பூர்வகுடி மக்களும் வெவ்வேறு பாதையில் நடந்து இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வேட்டை நம் நாட்டுக்குப் புதிதன்று. பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையில், 1990-களின் தொடக்கத்தில் ஒரு மனித எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. 'பேராக் மனிதன்' என்று பெயர் பெற்ற அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன். கைகால்களை மடக்கி அடக்கம் செய்யப்பட்ட அந்த உடலோடு விலங்கு எலும்புகளும் நத்தை ஓடுகளும் கிடைத்தன. இறந்தவருக்கு வழித்துணையாக வேட்டை உணவை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! யுனெஸ்கோ நிறுவனம் 2012-ஆம் ஆண்டு லெங்கோங் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

காற்றைப் படிப்பவன்

வேடன் முதலில் படிப்பது துப்பாக்கியை அன்று, காற்றை. காட்டுப்பன்றிக்குப் பார்வை அவ்வளவு கூர்மையில்லை. ஆனால் அதன் மூக்கு இருக்கிறதே, மண்ணுக்கடியில் கிடக்கும் கிழங்கை மேலிருந்தே கண்டுகொள்ளும். மனித வாடை காற்றில் சற்று மிதந்து வந்தாலும் போதும். ஓர் உறுமலோடு கூட்டமே மறைந்துவிடும்.

காற்றின் போக்குக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏற ஏற மலைச்சரிவில் சூடான காற்று மேல்நோக்கி எழும். மாலையில் தரை குளிர்ந்ததும், குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே, அந்தி நேரத்தில் பள்ளத்தில் மேயும் பன்றியை மேட்டிலிருந்து அணுகுபவன் தன் வாடையைத் தனக்கு முன்னே தூது அனுப்பிவிடுகிறான். பழகிய வேடன் ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தூவி, அது சாயும் திசையைப் பார்த்த பிறகே காலடி எடுத்து வைப்பான்.

அடுத்து அவன் படிப்பது தடயம். பன்றி சேற்றில் புரண்டுவிட்டு அருகிலுள்ள மரத்தில் உடம்பைத் தேய்க்கும். மரத்தில் ஒட்டிய சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் விலங்கின் அளவு தெரியும். சேறு ஈரமா, உலர்ந்ததா என்று பார்த்தால் அது போன நேரம் தெரியும்.

சுடும்போதும் உடற்கூற்று அறிவு வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. குண்டு அங்கே பட்டால் விலங்கு அதிக நேரம் துடிக்காது. வேறிடத்தில் பட்டால் ஓடும். அப்போது தரையில் சிந்திய இரத்தம் கதை சொல்லும். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் காயம்; கருஞ்சிவப்பு என்றால் ஈரலில் காயம். காயப்பட்டதைப் பின்தொடர்ந்து அதன் துன்பத்தை முடித்து வைப்பது வேடனின் கடமை. இருட்டிவிட்டது, முள் குத்துகிறது என்று திரும்புகிறவனை வேடர்களே மதிப்பதில்லை.

எனவே தூரம் அதிகமென்றால், புதர் மறைத்தால், குட்டிகள் உடனிருந்தால் நல்ல வேடன் விசையை அழுத்தாமல் இறக்கிவிடுவான். வேட்டையில் பெரும்பாலான நேரம் சுடாமல் இருப்பதில்தான் கழிகிறது.

ஊதுகுழலும் ஈப்போ மரமும்

துப்பாக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் காட்டில் ஓர் அருமையான கருவி இருந்தது. சும்பிட் எனப்படும் ஊதுகுழல்தான் அது. மலைக்காட்டில் வளரும் ஒருவகை மூங்கிலின் கணுவிடை ஆளுயரத்துக்கும் மேல் நீளும். நடுவில் கணு இல்லாததால் உட்புறம் ஒரே சீராக வழுவழுப்பாக இருக்கும். அதில் மெல்லிய அம்பை வைத்து, அடியில் நெட்டி போன்ற தக்கையால் அடைத்து, ஒரே மூச்சில் ஊதினால் அடைபட்ட காற்று அம்பைத் தள்ளிக்கொண்டு போகும். குழல் நீளமாக இருப்பதால் காற்றின் உந்துதல் அம்புக்கு நெடுநேரம் கிடைக்கிறது. இருபது முப்பது மீட்டர் உயரத்துக் கிளையில் இருக்கும் குரங்கையும் அணிலையும் அது சத்தமின்றி எட்டிவிடும்.

அம்பு சிறிது, அதனால் மட்டும் உயிர் போகாது. உயிரை எடுப்பது அதன் நுனியில் பூசிய ஈப்போ மரத்துப் பால். நம் ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரம் அதுவே. அந்தப் பாலிலுள்ள நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். அப்படியானால் அந்த இறைச்சியைத் தின்பவருக்கு ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். அம்பு தைத்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதை நன்றாக வேகவைத்து உண்கிறார்கள். இரத்தத்தில் நேராகச் சேரும்போது கொல்லும் அந்த நஞ்சு, வயிற்றின் வழியே போகும்போது உடம்பில் மிகக் குறைவாகவே சேர்கிறது. எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து அறிந்த விஞ்ஞானம் இது.

இந்தக் கருவிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு மூச்சுக்கு ஓர் அம்பு, ஓர் அம்புக்கு ஒரு பிராணி. ஒரே இரவில் காட்டைக் காலி செய்ய அதனால் இயலாது.

கரும்பலகைக் கணக்கு

காட்டிலிருந்து எத்தனை விலங்குகளை எடுக்கலாம்? இதற்கு நான்காம் வகுப்புக் கணக்கே போதும். எளிதாக விளங்குவதற்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

ஒரு காட்டில் 20 மிளா மான்கள் இருக்கின்றன. ருசா என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அந்தப் பெரிய மான்தான். அவற்றில் 8 பெண் மான்கள். மிளா ஓர் ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். ஆண்டுக்கு 8 குட்டிகள் பிறந்து, நோயிலும் பிற விலங்கின் வாயிலும் பாதி போனால் மிஞ்சுவது 4. ஆகவே ஆண்டுக்கு 4 மான்களை எடுத்தால் காட்டில் என்றும் 20 மான்கள் இருக்கும். 4 என்பது வட்டி. 20 என்பது முதல்.

இப்போது ஆசை சற்றுக் கூடி ஆண்டுக்கு 6 எடுத்தால் என்ன ஆகும்? இரண்டுதானே அதிகம் என்று தோன்றும். முதலாண்டு முடிவில் 18 மான்கள் இருக்கும். மான் குறைந்ததால் குட்டியும் குறையும். அடுத்த ஆண்டு 15 அல்லது 16. பிறகு 13, அதன்பின் 9, அதற்கடுத்து 5. ஆறாம் ஆண்டு முடியும்போது காட்டில் ஒன்றுகூட இராது! ஆண்டுக்கு இரண்டே இரண்டு மான் கூடுதலாக எடுத்ததன் விளைவு இது. வட்டியைத் தின்பவன் பிழைப்பான். முதலில் கை வைப்பவன் தெருவுக்கு வருவான் என்று வட்டிக்கடைக்காரர் சொல்வது காட்டுக்கும் பொருந்தும்.

காட்டுப்பன்றியின் கணக்கோ வேறு. அதன் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஓர் ஈற்றில் பல குட்டிகள். நல்ல தீனி கிடைத்தால் ஒரு வயது நிறையும் முன்பே அது சினைப்பட்டுவிடும். அதே 20 உருப்படியில் 8 பெண் பன்றிகள் ஐந்தைந்து குட்டி போட்டு, பாதி செத்தாலும் 20 மிஞ்சும். மானில் 4 எடுக்கலாம் என்றால் பன்றியில் 20 எடுக்கலாம். செலாடாங் எனும் காட்டெருதும் தாப்பிரும் மானைப் போல ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். 'காட்டு விலங்கு' என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆல்டோ லியோபோல்டு என்பவர் 1933-ஆம் ஆண்டு இத்தகைய கணக்குகளை ஒரு பாடநூலாகவே எழுதினார். இளமையில் அவர் ஓநாய்களைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அது வேட்டைக்காரர்களுக்கு நல்லது என்று நம்பியவர். பின்னாளில், ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் மான்கள் பெருகி, கன்றும் கொழுந்தும் இல்லாமல் மேய்ந்து தீர்த்துப் பட்டினியால் மடிவதைக் கண்டு மனம் மாறினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1949-இல், வெளிவந்த நூல் அந்த மனமாற்றத்தைச் சொல்கிறது.

செம்பனையும் பன்றியும்

அமெரிக்க மலை எதற்கு? நெகிரி செம்பிலானில் பாசோ காடு இருக்கிறதே! அதன் பெரும்பகுதியைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். 1996-இல் அங்கே கணக்கெடுத்தபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றிகள் வீதம் இருந்தன. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் காட்டிய காரணங்கள் இரண்டு: பன்றியைத் தின்னும் புலி அங்கே இல்லை, உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழத்துக்கோ பஞ்சமில்லை.

பாசோவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேகரித்த விவரங்களைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. பன்றிகள் தோட்டத்துக்கு வந்து பழம் தின்றுவிட்டு, குட்டி போடக் காட்டுக்குள் திரும்புகின்றன. பேறுகாலத்தில் தாய்ப்பன்றி நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை முறித்துக் குவித்து மெத்தை கட்டும். 24 ஆண்டுகளில் அக்காட்டின் இளமரக் கன்றுகள் 62 விழுக்காடு குறைந்துபோயின. கோடரி படாத காடு, தோட்டத்து எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள காடு, உள்ளிருந்தே மெலிந்துகொண்டு வருகிறது.

இதை ஊன்றிப் பார்த்தால் "நான் கறியே தின்பதில்லை, எனக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் ஒதுங்க முடியாது. நம் வீட்டுச் சட்டியில் காய்கிற எண்ணெய் அந்தப் பழத்திலிருந்து வந்தது. அந்தப் பழமே பன்றியைப் பெருக்கியது. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர்; அந்நெறியில் நிற்பவரை நாம் வணங்க வேண்டும். ஆனால் தட்டில் கறி இல்லாததால் மட்டும் காட்டின் கணக்கிலிருந்து நம் பெயர் நீங்கிவிடுவதில்லை.

கண்ணிக்குக் கண் இல்லை

அப்படியானால் பன்றியை எப்படியாவது ஒழித்துவிடலாமே என்று சில இளைஞர்கள் கிளம்புகிறார்கள். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், செலவும் அதிகம். கம்பிச் சுருக்கு மலிவு. பழைய கம்பிவடத்தை முறுக்கி, வளைத்த கன்றில் கட்டி, பன்றித் தடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம்.

ஆபத்து இங்கேதான். கண்ணி என்று பெயரே தவிர, அதற்குக் கண் இல்லை. வருவது பன்றியா, சினை மானா, புலியா என்று அது பார்க்காது. குட்டியென்றும் தாயென்றும் அதற்குத் தெரியாது. வைத்தவன் மறந்து போனாலும் அது மறக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். கால் மாட்டிய விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி இறுகும்; தோல் கிழியும்; எலும்பு தெரியும். அறுத்துக்கொண்டு ஓடினாலும், மூன்று காலோடு வேட்டையாட முடியாத புலி பட்டினியில் சாகும், அல்லது எளிதில் அகப்படும் ஆடுமாட்டைத் தேடி ஊர்ப்பக்கம் வரும்.

1950-களில் மலாயாவில் 3,000 புலிகள் வரை இருந்திருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி எஞ்சியவை 150-க்கும் குறைவு. நம் நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் விலங்கின் கதி இது! கண்ணி ஒரு காரணம். இரை குறைந்தது இன்னொரு காரணம். அதனால்தான் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 2009 முதல் மிளா, கேளை மான் வேட்டைக்கு உரிமம் தருவதை நிறுத்தி, அந்தத் தடையைப் பின்னர் நீட்டித்தது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். விலங்குகள் தாது உப்புக்காகக் கூடும் உப்பு ஊற்றருகே வேட்டையாடுவதும் குற்றம். செடிகொடிகளில் சோடியம் குறைவு; அதைத் தேடி விலங்கு வந்தே தீரவேண்டிய இடம் அது. வராமல் இருக்க முடியாத இடத்தில் மறைந்திருந்து சுடுவது வேட்டை ஆகாது.

பன்றியைக் கட்டுக்குள் வைக்கச் சம்பளம் வாங்காமல் வேலை செய்தது புலி. அந்தக் காவலாளியைக் கண்ணியில் மாட்டிக் கொன்றுவிட்டு, "பன்றி பெருகிவிட்டதே" என்று புலம்புவதில் என்ன பயன்?

வேட்டைக்காரர் காத்த காடு

சுட்ட கையே காத்த கதை நம் நாட்டிலும் உண்டு. தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர் யானையும் செலாடாங்கும் வேட்டையாடிய அனுபவத்தை 1905-இல் புத்தகமாகவே எழுதியவர். ஆண்டுகள் செல்லச் செல்ல, தாம் துரத்திய விலங்குகள் அருகி வருவதை அவரே முதலில் உணர்ந்தார். 1930-களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, விலங்குகளுக்கென நிலையான காப்பிடம் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்களின் இசைவோடு 1938-39 ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒரு பூங்கா உருவாயிற்று. இன்று நாம் தாமான் நெகாரா என்று அழைப்பது அதையே. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர்.

பகிராத இறைச்சி விஷம்

விஞ்ஞானி எண்ணிக்கையால் போட்ட கோட்டைக் காட்டு மக்கள் நம்பிக்கையால் போட்டிருக்கிறார்கள். தாமான் நெகாராவிலும் அதைச் சுற்றிலும் வாழும் பாத்தேக் மக்களிடையே விலங்கைப் பார்த்துச் சிரிப்பதும் கேலி செய்வதும் பெருங்குற்றம். அப்படிச் செய்தால் இடிக்குரிய தெய்வம் சினந்து புயலை அனுப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்பதற்காகக் கொல்லலாம், இழிவு செய்யக்கூடாது.

பகாங் கிராவ் காட்டில் வாழும் செவோங் மக்களின் வழக்கம் இன்னும் வியப்பானது. அவர்களிடையே 1970-களின் பிற்பகுதியில் தங்கி ஆராய்ந்த சிக்னே ஹவல் என்ற அம்மையார் அதை விரிவாக எழுதியிருக்கிறார். வேட்டையில் கிடைத்ததை ஒளித்து வைப்பது அங்கே பெருந்தவறு. கொண்டுவந்ததை எல்லாரும் காண வைக்க வேண்டும். ஒருவர் இறைச்சியைத் தொட்ட விரலால் அங்கிருக்கும் ஒவ்வொருவரையும் தொட்டு, 'புனேன்' என்று சொல்வார். பிறகு எல்லாருக்கும் பங்கு. பங்கு கிடைக்காமல் ஒருவர் மனம் ஏங்கினால் புலியாலோ பாம்பாலோ கேடு நேரும் என்று அஞ்சுகிறார்கள்.

மூடநம்பிக்கை என்று நாம் சிரிக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். கொண்டுவந்ததை எல்லாம் அன்றே பகிர்ந்துவிட வேண்டும் என்றால், தேவைக்கு மேல் கொல்வதில் யாருக்கு லாபம்? சேர்த்து வைத்து விற்க வழியில்லாத இடத்தில் பேராசைக்கும் வழியில்லை. ஆறாண்டில் மான் தீர்ந்துபோகும் என்று நாம் கரும்பலகையில் கண்டதை, 'புனேன்' என்ற ஒரே சொல் தடுத்துவிடுகிறது. இன்று காட்டைக் காலி செய்வது பசி அன்று. நகரத்து உணவுக் கடையில் காட்டு இறைச்சிக்குக் கிடைக்கும் விலை.

நம் முன்னோர்க்கும் வேடன் கீழானவன் அல்லன். முருகன் மணந்த வள்ளி வேடர் குலத்துப் பெண். இறைவனுக்குக் கண்ணையே கொடுத்த கண்ணப்பர் வேடர் தலைவர். அவர்கள் பிறந்த குலத்துத் தொழிலை நாம் கையில் எடுத்தால் அதன் ஒழுக்கத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

வேட்டைக்குப் போகும் தம்பிமார்களுக்குச் சில சொல். துப்பாக்கிக்குக் காவல் துறையின் உரிமமும், விலங்குக்குப் பெர்ஹிலித்தான் உரிமமும் இன்றிக் காட்டில் கால் வைக்காதீர்கள். கம்பிச் சுருக்கைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் துறைக்குத் தெரிவியுங்கள். காட்டுப்பன்றிக் கறியில் புழுக் கிருமி இருக்கக்கூடும். சிவப்பு நிறம் சற்றும் இல்லாமல் வேகவையுங்கள். கழிவை ஆற்றோரம் எறியாமல் ஆழப் புதையுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் சபாவுக்கு வந்து தாடிப்பன்றிகளைக் கொன்றது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் கழிவு வழியாகவும் காலணிச் சேறு வழியாகவும் பன்றிக்குப் பன்றி பரவும்.

வேட்டைக்குப் போகாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மான் கறி, பன்றிக் கறி என்று யாராவது வாசலில் கொண்டுவந்து நீட்டினால், எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கண்ணியில் விழுந்தது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிற கை நின்றால் வைக்கிற கையும் நின்றுவிடும். நம் பேரப்பிள்ளைகள் புலியை நாட்டுச் சின்னத்திலோ மிருகக்காட்சிச் சாலையிலோ அல்லாமல் காட்டின் சேற்றில் பதிந்த காலடியாகவும் அறிய வேண்டுமானால், அந்த ஒரு வார்த்தையை நாம் இன்றே கேட்கத் தொடங்க வேண்டும்.